நாலு தேசிக்காய்

பத்து வயதில் எனக்கு எங்கள் வீட்டில் மந்திரி அந்தஸ்து இருந்தது. வீட்டுப் பெரியவர்களைவிட எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும் என்பதுதான் காரணம். வங்கி, வைத்தியர், மின்சாரக்காரர் என்று யாரோடு பேசுவதானாலும் என்னை முன்னால் தள்ளுவார்கள். நானும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் போய் நிற்பேன்.

மாமாவோடு கார்ப் பந்தயத்துக்குப் போனதும் அந்தப் பதவியில்தான். அம்மாவின் தம்பியான அவர், ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருடம் வந்து, பாரிசில் லா சப்பலில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார். பெரிய வாய்க்காரர். யாழ்ப்பாணத்தில் தான் கை வைக்காத எஞ்சின் இல்லை என்பார். பாரிசை ஒட்டிய ஸ்தேனில் பழைய கார்களைத் திருத்தும் ஒரு பட்டறையில் அவருக்குக் கிடைத்த வேலையோ, கழுவுவதும் துடைப்பதும்தான்.

அதுவும் தற்காலிக வேலை. பந்தயம் நடக்கும் சனிக்கிழமையோடு தவணை முடிகிறது. திங்கட்கிழமை வா என்று முதலாளி சொன்னால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் ஊரில் தனியே இருந்த மாமியைக் கூப்பிட வழி பிறக்கும். அம்மாவும் மாமாவும் குசினியில் ஓயாமல் இதைத்தான் பேசினார்கள். என் காதில் பந்தயம் என்ற சொல் மட்டும் விழுந்தது. எங்கள் கார்தான் முதலாவதாக வரும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

முதலாளி பந்தயத்துக்கென்று பட்டறையில் திருத்தி வைத்திருந்த அந்தக் கார் இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடங்கள் முன்பு செய்தது. நீல நிறம், நீண்ட மூக்கு, கூரை கிடையாது. அந்தக் காலத்தில் இப்படியான கார்கள் ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் ஓடுமாம். அதன் நினைவாக, பாரிசுக்குத் தெற்கே ஒரு பழைய பந்தயத் தளத்தில் அதே கார்களைக் காலை முதல் மாலை வரை ஓட்டினார்கள். கடைசிவரை ஓடினால் போதும் என்று முதலாளி வழியில் சொன்னார். இவ்வளவு ஆசை குறைந்த மனிதரா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. அதை மாமாவுக்கு மொழிபெயர்க்கக்கூட இல்லை.

காரைத் தொடக்கக் கோட்டில் நிறுத்த, கடைசியாக ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். அப்போது மாமா காற்சட்டைப் பையிலிருந்து நாலு தேசிக்காயை எடுத்தார். லா சப்பல் கடையில் பொறுக்கி வாங்கிய, சாறு நிறைந்த எலுமிச்சைகள். புது வாகனம் கிளம்பும்போது சில்லுக்கு அடியில் வைத்து நசிப்பது எங்கள் வழக்கம். கண்ணூறு கழியும்.

“இது புதுக் கார் இல்லையே மாமா,” என்றேன்.

“எனக்குப் புதுசுதானே பிள்ளை. பேசாமல் நில்லு.”

நாலு சில்லும் ஏறி நின்றன. வெள்ளை மேலங்கி போட்ட பரிசோதகர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தவர், காருக்கு அடியில் ஈரத்தைக் கண்டு குனிந்தார். பழைய கார் எண்ணெய் கக்கினால் தளம் வழுக்கும், பின்னால் வருகிறவர்கள் கவிழ்ந்துவிடுவார்கள். கையை உயர்த்தி எங்கள் காரை மறித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கொடி அசைந்தது. சாரதிகள் தளத்துக்குக் குறுக்கே ஓடிவந்து, தத்தம் காரில் பாய்ந்து ஏறிப் பறந்தார்கள். எங்கள் சாரதி மட்டும் ஏறி உட்கார்ந்தபடி கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மந்திரியான நான் முன்னால் போனேன். இது எண்ணெய் இல்லை, எலுமிச்சை, காரைப் பார்த்து யாரும் பொறாமைப்படாமல் இருக்க வைத்தது என்று விளக்கினேன். பரிசோதகர் விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு நசிந்த தோல் ஒன்றை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா நிலத்தைப் பார்த்தார்.

எங்கள் கார் கிளம்பியபோது மற்றவை ஒரு சுற்று முடித்திருந்தன.

மத்தியானத்திலிருந்து கார்கள் ஒவ்வொன்றாகப் படுக்கத் தொடங்கின. ஒன்று புகைந்தது. ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நான் பயந்துகொண்டிருந்த மிடுக்கான சிவப்புக் கார் புல்லில் இறங்கி நின்றேவிட்டது. எங்கள் நீலக் கார் மட்டும் அவசரமே இல்லாமல் வந்து வந்து போனது. அம்மா கட்டிக்கொடுத்த இடியப்பத்தை மாமா தொடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கார் கண்ணில் படும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் பங்கையும் சாப்பிட்டேன்.

மாலையில் எல்லாம் முடிந்தபோது, ஓடி வந்து சேர்ந்தவற்றில் எங்கள் கார்தான் கடைசி. எனக்கு மானமே போய்விட்டது. முதலாளிக்கு அந்த வெட்கம் கொஞ்சமும் இல்லை. சாரதியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். பிறகு மாமாவிடம் வந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு இரண்டு வசனம் சொன்னார். நான் என் வேலையைச் செய்தேன்.

“திங்கட்கிழமை உங்களை வரட்டாம் மாமா. வரேக்கை தேசிக்காயும் கொண்டு வரட்டாம்.”

“என்ன சொன்னவர்? திரும்பச் சொல்லு பிள்ளை.”

திரும்பச் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் ரயிலில் மாமா யன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். கடைசியாக வந்த அவமானம் இந்த மனிதரை இப்படி ஆட்டுகிறதே என்று எனக்கு மனம் உருகிப்போயிற்று. நல்ல கார் ஒன்று கிடைத்திருந்தால் இவரும் வென்றிருப்பார். பெரிய மனுஷிபோல் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“அழாதேங்கோ மாமா. அடுத்த முறை நாங்கள்தான் முதலாவது.”

“ஓம் பிள்ளை,” என்றார் மாமா, அழுகையை நிறுத்தாமலே.