ஏரிப் பக்கத்துக் கதவு

புணேயில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் மாடசாமியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. குண்டுக்குள் மருந்து அடைப்பதெல்லாம் வீண் வேலை, மாடசாமியை உள்ளே உட்காரவைத்து அனுப்பினால் போதும், அவர் வாயைத் திறந்ததும் எதிரி தன்னால் ஓடிவிடுவான் என்பார்கள். வாய் அப்படி. ஒரு வடாபாவ் தின்றுவிட்டு வந்து அதைப் பற்றிச் சொன்னாரென்றால் உள்ளே இருந்த உருளைக்கிழங்கு பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்துவிடும். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கட்கி குவார்ட்டர்ஸிலேயே பிறந்து, அங்கேயே தமிழரசியைக் கட்டி, அங்கேயே மகள் காவ்யாவைப் பெற்று, இடது காதைச் சோதனைத் திடலின் சத்தத்துக்குத் தாரைவார்த்துவிட்டு ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கூட ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் தாபோடியிலும் திகியிலும் ஃபிளாட் வாங்கினார்கள். மாடசாமி ஒவ்வொன்றாய்ப் போய்ப் பார்த்துவிட்டு, புறாக்கூண்டில்கூட இதைவிடத் தாராளமாகக் கால் நீட்டலாம் என்றார். தான் வாங்கினால் ஜன்னலைத் திறந்ததும் ஏரி தெரிகிற வீடுதான் என்று கட்கி பஜாரில் டீக்கடைக்கு டீக்கடை அறிவித்தார்.

"ஏரி தெரியணும்னா ஒரு வாளில தண்ணி பிடிச்சு முன்னால வச்சுக்கோயேன்டா" என்றார் கூட்டாளி அமல்ராஜ்.

அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கித் தீர வேண்டியதாயிற்று.

ஜாம்புள்காவ் புணேவுக்கு மேற்கே, மலை மடிப்புக்குள் இருக்கிற சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு எஸ்.டி. பஸ் நிறுத்தம், அதற்குக் கீழே ஏரி. ஏரி என்றால் அணை கட்டித் தேக்கிய தண்ணீர். பழைய ஊர் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. அணை நிரம்பிய வருஷம் ஜனங்கள் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்து புதிதாகக் கட்டிக்கொண்டதுதான் இப்போதைய ஊர்.

மாடசாமி பார்த்த வீடு கல் சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்டது. இரண்டு கதவு. தெருப் பக்கம் இருந்தது, ஒரு பூனை கோபமாகத் தும்மினால் திறந்துகொள்ளும். ஏரிப் பக்கம் இருந்ததோ சாகுவான், அதாவது தேக்கு மரம், பித்தளை வளையம், தாமரையும் குதிரையும் செதுக்கியது. ஒரு யானை வந்து தோளால் இடித்தாலும் யானைக்குத்தான் சுளுக்கும். இவ்வளவு நல்ல கதவைக் கொண்டுபோய்க் கொல்லையில் போட்டிருக்கிறானே இந்த மராட்டிக் கொத்தன் என்று மாடசாமி அன்றைக்கெல்லாம் சிரித்தார்.

விற்றவள் சகுபாயி, கணவனை இழந்தவள். முழங்கால் போய்விட்டது, மேட்டுப் பாதை ஏற முடியவில்லை. சாகணில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனோடு போய் இருக்கப் போகிறாள். சாவி கொடுத்த அன்று வீட்டுச் சுவரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைச் சாத்தாதீர்கள் என்று ஆரம்பித்தாள். மாடசாமி விடுவாரா. அந்த நேரத்தில் வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தது எங்கள் ஆட்கள்தான், எங்களுக்கே பாடமா என்று தன் உடைந்த மராட்டியில் பொழிந்து தள்ளினார். அவள் மறுபடி வாய் திறப்பதற்குள் மகன் வண்டியின் ஹாரனை அமுக்கினான். சகுபாயி குனிந்து ஏரிப் பக்கத்து வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பால் காய்ச்சக் கட்கியே திரண்டு வந்தது. தின்றார்கள், ஏரியைப் பார்த்தார்கள், அமல்ராஜ்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தார். பொழுது சாய்ந்ததும் டெம்போ ஏறிப் போனார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது.

தமிழரசி அதிகம் பேசமாட்டாள். வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் புருஷனே பேசித் தீர்த்துவிட்டதால் அவளுக்கு மிச்சமில்லை. நம் வீடுகளில் செய்கிற மாதிரியே அவள் செய்தாள். விளக்கேற்றும் முன் கொல்லைக் கதவைச் சாத்து, தெருக்கதவைத் திற. முன்னால் வருகிற லட்சுமி பின்னால் வெளியே போய்விடக் கூடாதல்லவா. சாகுவான் கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள். விளக்கை ஏற்றினாள். தீக்குச்சி அணையும் முன்பே சாகுவான் கதவு தட்டப்பட்டது.

மாடசாமி போய்த் திறந்தார். யாருமில்லை. கீழே ஏரி, ஆட்டி வைத்த பாத்திரத்துத் தண்ணீர் மாதிரி ஒரு தரம் அசைந்து நின்றது. வாசற்படிக் கல் மட்டும் ஈரமாக இருந்தது. குரங்கு என்றார்.

மறுநாளும் அதே நேரம். நாய் என்றார். அதற்கடுத்த நாள் கூடாரம் போட வருகிற நகரத்துப் பையன்கள் என்றார். பையன்கள் யாரும் வராத நாளிலும் தட்டியபோது, இந்த ஏரியில் மீன்கள் எல்லாம் ஆள் உயரம், கரையேறி வந்து வாலால் அடிக்கின்றன என்றார். அதை அவரே நம்பவில்லை.

ஏனென்றால் அந்தத் தட்டலில் கோபமே இல்லை. கடன்காரன் தட்டுவது மாதிரியோ போலீஸ்காரன் தட்டுவது மாதிரியோ இருந்தால் மாடசாமிக்கு இரண்டு வார்த்தை சொல்லத் தெரியும். இது வீட்டு ஆள் தட்டுவது மாதிரி இருந்தது. உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் மந்தம், எழுந்து வர நேரமாகும் என்று தெரிந்த ஆள். தட்டும், நிறுத்தும், காத்திருக்கும். இன்னொன்றை மாடசாமி பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. வலது காதைப் பொத்திப் பார்த்தார். இத்தனை வருஷமாகச் செத்துக்கிடக்கும் இடது காதில் அது இன்னும் தெளிவாகக் கேட்டது.

எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். பூசணிக்காய் தொங்கவிட்டார். கடைசியில் தன் பேர்கொண்ட சாமியையே கூப்பிட்டு, ஒரு சுருட்டும் சின்னக் குப்பியில் கொஞ்சம் சரக்கும் அந்தப் படியில் வைத்தார். காலையில் பார்த்தால் குப்பி திறக்கப்படவில்லை. சுருட்டு நனைந்திருந்தது. இரண்டையும் யாரோ, வழியில் கிடந்த பிள்ளையின் செருப்பை ஒதுக்குவது மாதிரி, ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள்.

கடைத்தெருவில் விசாரித்தார். டீக்கடைக்காரர் கிளாஸைத் துடைத்துக்கொண்டே, புது ஆள் என்றால் பழகுவதற்குக் கொஞ்சம் நாள் ஆகும் என்றார். யாருக்குப் பழக வேண்டும் என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மேட்டு வரிசையில் இருந்த வீடுகளில் எல்லாம் ஏரிப் பக்கத்துக் கதவுகள் விரியத் திறந்து கிடந்தன. உள்ளே விளக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு செம்பு. ஜில்லென்று காற்று வாங்குகிறார்கள், தாகமும் எடுக்கிறது போலிருக்கிறது என்று மாடசாமி நினைத்துக்கொண்டார். புத்தி வேலை செய்யாததற்குப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பயம் வருவதற்கு முன்பும் அது பெரிதாக வேலை செய்ததில்லை.

அன்றைக்கு வந்தபோது தமிழரசி தன் துணிகளைத் தனியாக மடித்துப் பைக்குள் அடுக்கியிருந்தாள்.

"எனக்கொண்ணும் பயமில்ல" என்றாள். "ஆனா ஒரு ஆளு டெய்லி வந்து கதவைத் தட்டுதாரு. நாம தாழைப் போட்டுக்கிட்டு உள்ள உட்கார்ந்து காப்பி குடிக்கோம். இந்தப் பாவத்தோட என்னால இங்க இருக்க முடியாது. அது யாரு, என்ன வேணும்னு விசாரிச்சுட்டு வாங்க. இல்லன்னா நான் காவ்யாட்ட போறேன். நீங்க உங்க ஏரியப் பாத்துக்கிட்டு இருங்க."

மாடசாமிக்குப் போக்கிடம் இல்லை. குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. காவ்யா இருப்பது விமான் நகர் ஃபிளாட்டில். போனில் கேட்டதற்கு அவள், "அப்பா, அது சும்மா ஹவாவா இருக்கும், காத்து. இங்க வாங்கோ, ஹால்ல சோஃபா-கம்-பெட் இருக்கு" என்றாள். மாடசாமிக்குப் பேயைவிட அந்த சோஃபா-கம்-பெட் பயங்கரமாகத் தெரிந்தது. பகலெல்லாம் யார் வீட்டு டிவியையோ மெதுவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் இல்லாமல் இங்கேயே இருப்பதென்றாலோ, கேட்க ஆளில்லாத வாய் எதற்கு?

மறுநாள் காலையில் பஸ் பிடித்து, தளேகாவில் மாறி, சாகண் போனார். போகிற வழியெல்லாம் சகுபாயியை வாங்கு வாங்கென்று வாங்க வசனம் தயார் செய்தார். கேட்டால் அவள் ஃபிளாட்டின் லிஃப்டே இடிந்து விழும். ஆனால் சகுபாயி கதவைத் திறந்ததும் முந்திக்கொண்டாள்.

"அவர் நல்லா இருக்காரா?"

மாடசாமியின் வசனம் முழுவதும் மறந்துபோயிற்று. நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவள், எந்தக் கதவைச் சாத்துகிறீர்கள் என்றாள். கொல்லைக் கதவைத்தான் என்றார் இவர். அந்த வீட்டுக்குக் கொல்லை தெருப் பக்கம், வாசல் ஏரிப் பக்கம் என்றாள். அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். கீழே தங்கிவிட்டவர்கள் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று தெரிந்துதான் கட்டியது.

தண்ணீர் ஏறிய அன்று நடந்ததை அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சாமானைத் தூக்கியபோது அவள் மாமனார் எதையும் தொடவில்லை. கதவைக் கழற்றச் சொன்னார். முதலில் கதவு போகட்டும், பின்னாலேயே நான் வருகிறேன் என்று வெறும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"கதவு மேல வந்துடுச்சு. அவர் வரல" என்றாள் சகுபாயி. "விளக்கு வைக்கிற நேரத்துல வருவார். கொஞ்ச நேரம் படியில உட்காருவார், தண்ணி குடிப்பார், போயிடுவார். நான் கல்யாணமாகி வந்ததிலேர்ந்து அவரால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. என் மாமியாரால இருந்த தொந்தரவுல பத்துல ஒண்ணுகூட இல்ல."

பிறகு பருப்புத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "இத்தனை நாளா வெளியிலயா நிக்க வச்சிருக்கீங்க?"

திரும்பும் பஸ்ஸில் மாடசாமி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்து சீட்டுக்காரனிடம் பேசாமல் வந்தார். உண்மையைச் சொன்னால் தமிழரசி அந்த நிமிஷமே பையைத் தூக்குவாள். பொய் ஒன்று கட்ட வேண்டும். கதவு மரம் ஈரத்தில் உப்பிச் சத்தம் போடுகிறதாம், சகுபாயி சொன்னாள், தச்சனை வரச் சொல்லியிருக்கிறேன். நல்ல பொய். அவர் சொன்னவற்றிலேயே மிகச் சின்னது, அதனால் அவள் நம்பவும் கூடும். ஜாம்புள்காவில் இறங்கி மேடேறும்வரை அதை மனப்பாடம் செய்தார்.

வீட்டை அடையும்போது விளக்கு வைக்கும் நேரம். தெருக்கதவு சாத்தியிருந்தது. தள்ளினார், திறக்கவில்லை. உள்ளே தாழ். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஏரிப் பக்கம் வந்தார்.

சாகுவான் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு நிமிர்ந்து எரிந்தது. தமிழரசி படிக்கு உள்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படியில் ஒரு செம்பு. அது காலியாக இருந்தது. செம்புக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்கார்ந்த அகலத்துக்குக் கல் நனைந்திருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. சேற்று வாசனை வந்தது, தூர் வாராத கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வருமே, அது.

"எத்தனை நாளைக்குத்தான் தட்ட விடுறது" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "திறந்தேன். வாங்கன்னேன். தண்ணி வச்சேன். குடிச்சுட்டாரு. ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்காரு. தமிழ் தெரியாது போலுக்கு. நீங்க மராட்டில என்னமாவது கேளுங்க."

கட்கி முழுவதும் கேட்கப் பேசிய மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடினார். பஸ்ஸில் கட்டிய பொய் எந்தப் பக்கம் போயிற்றென்றே தெரியவில்லை. பார்வையை உள்ளே ஓட்டினால் அவள் பை மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது, வெறும் பையாக. துணிகள் மறுபடி அலமாரிக்குள் போயிருந்தன.

மாடசாமி செருப்பைக் கழற்றினார். நனைந்த இடத்தில் கால் படாமல் விளிம்போரமாக ஏறி உள்ளே வந்து, படிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வாயிலிருந்து மராட்டியில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சஹா கேணார் கா?"

டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். ஏரியிலிருந்து ஒரு குளிர் ஏறி வந்தது. விளக்கு ஒரு பக்கம் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது. வாசற்படியில் இருந்த ஈரம் கல்லின் விளிம்பைத் தாண்டி, வீட்டுத் தரையில் ஒரு சாண் உள்ளே வந்திருந்தது.

தமிழரசி எழுந்து பாலை அடுப்பில் வைக்கப் போனாள். மாடசாமி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.