கணவாய்க்கு இருபது பவுண்டு

ஒடீல் ரான்கூர் என்ற பெண்மணி எங்கள் ஊரில் இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பழைய காகித ஆலையைத் தாண்டினால் வடக்கே மலைத்தொடர் முழுவதும் தெரியும். இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு கணவாய். இருபத்திரண்டு வயதில், ஒரு பிப்ரவரி மாதத்தில், அங்கே ஒரே ஒரு முறை போயிருந்தார். மேகமெல்லாம் காலுக்குக் கீழே கிடந்ததாம். காற்று நின்றதும் தன் இதயம் அடிப்பது காதில் கேட்டதாம்.

"நாப்பது பிள்ளைங்க பின்னால கத்துறப்போ எல்லாம் அந்த அமைதியத்தான் நினைச்சுக்குவேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

திரும்பப் போக வாய்க்கவில்லை. மூன்று குழந்தைகள் பிறந்தார்கள், கணவர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது, படுக்கையில் விழுந்த மாமியாரைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டார். எல்லாம் ஓய்ந்தபோது இடுப்பு எலும்பு தேய்ந்திருந்தது. செயற்கை மூட்டு வைத்த மருத்துவர், முதுகில் இருபது பவுண்டுக்கு மேல், அதாவது ஒன்பது கிலோவுக்கு மேல், ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது.

பிப்ரவரியில் கணவாய்க்குப் போவதென்று முடிவு செய்து, அந்த டிசம்பரில் பையோடு என் கடைக்கு வந்தார். மலையேறுகிறவர்களுக்கு வேண்டியதை விற்பதும் கிழிந்ததைத் தைத்துத் தருவதும் என் தொழில். கூடவே மெர்ல் பிங்கம் வந்திருந்தார். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒடீலின் பக்கத்து வீட்டுக்காரர். பையைத் தராசில் தொங்கவிட்டேன். முப்பத்து நான்கு பவுண்டு.

"இதுக்குள்ள உன் மாமியாரையும் வச்சிருக்கியா?" என்றார் மெர்ல்.

"உன்னையும் சேத்துக் கட்டித் தூக்கிட்டுப் போகணுமே, அதான்."

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். கனத்த கூடாரத்துக்குப் பதில் மடித்தால் கைக்குள் அடங்கும் ஒரு விரிப்பு. பழைய ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் வாத்து இறகு அடைத்தது. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டவ் போதும், அது மெர்லிடம். பருத்தித் துணி ஒன்றுகூட வேண்டாம், வியர்வையில் நனைந்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். பைனாகுலரைத் தானே எடுத்து வைத்தார். கேமராவைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, "கண்ணால பாத்தா போதும்" என்று ஓரமாகத் தள்ளினார்.

அப்புறம் ஃபோம் பாயையும் உருவினார்.

"அது இருக்கணும்" என்றேன்.

"பகல்லயே திரும்பிடப்போறோம். எதுக்கு இது?"

"திரும்ப முடியாமப் போச்சுன்னா? மேல எத்தனை போத்தினாலும் பனி அடியிலேருந்து சூட்டை உறிஞ்சிடும்."

"காத்தடிக்கிற மெத்தை இதைவிடச் சின்னதா மடியுமே."

"ஒரு முள்ளு குத்தினா அது வெறும் உறை. இது கிழிஞ்சாலும் பாய்தான்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பாயை உள்ளே வைத்தார். கடைசியில் தராசு இருபது பவுண்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

"சாக்லேட்ட என்கிட்ட குடு, நான் தூக்கறேன்" என்றார் மெர்ல்.

"தூக்குவியா, தின்னுடுவியா?"

பிப்ரவரியில் வானம் தெளிந்த ஒரு நாள், விடியும்போதே கிளம்பினார்கள். இரண்டாவது மைலில் ஒரு பெண் அவர்களைக் கடந்து போனாள். பெயர் வெர்னா ஹாஸ்கெல், பாஸ்டனில் பல் மருத்துவர். முதுகில் ஒரு தலையணை அளவுக்குத்தான் பை.

"எவ்வளவு கனம்?" என்று கேட்டார் ஒடீல்.

"பதினோரு பவுண்டு!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

"பாத்தியா மெர்ல்? பதினொண்ணு! நாம வீட்டையே காலி பண்ணிட்டு வந்த மாதிரி நடக்கறோம்."

பதினோரு மணிக்கு மரங்கள் குட்டையாகத் தொடங்கின. கணவாய்க்கு இன்னும் முக்கால் மணி நேரம். அங்கே பாதையோரத்தில் வெர்னா கிடந்தாள். பனிக்கட்டியில் சறுக்கி முழங்கால் பிசகியிருந்தது. காற்று மெத்தையில், பனியில் பிடிப்புக்காகக் காலணியில் மாட்டிய இரும்புப் பல் குத்தி, காற்று இறங்கிவிட்டது. குட்டி கேஸ் ஸ்டவ் குளிரில் ஒரு தடவை முணுமுணுத்து அணைந்ததோடு சரி. பேச்சு குழறியது. உதடு நீலம்.

ஒடீல் ஃபோம் பாயை விரித்து அவளைப் புரட்டிப் படுக்க வைத்தார். ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைத்து, தன் தடித்த ஜாக்கெட்டையும் போட்டு மூடினார். மெர்ல் பம்ப் அடித்து ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சினார். போனில் சிக்னல் இல்லை.

"நீ கீழ போ. என் காலைவிட உன் கால் வேகம்" என்றார் ஒடீல்.

மெர்ல் மேலே கணவாயைப் பார்த்தார், ஒடீலைப் பார்த்தார், ஸ்டவ்வை அவரிடம் விட்டுவிட்டு இறங்கினார்.

கிளைகளுக்கு நடுவே கணவாயின் விளிம்பு தெரிந்தது. கீழே மேகம் பஞ்சாகப் படர்ந்திருந்தது. நாற்பத்தோரு வருடமாகக் காத்திருந்த நாள் அப்படியே வந்து நின்றது. கொஞ்சம் தெளிந்ததும் வெர்னா, "நீங்க போயிட்டு வாங்க. நான் இருப்பேன்" என்றாள்.

"வாய மூடிக்கிட்டு சாக்லேட்டத் தின்னு."

ஆனாலும் மூன்று தடவை எழுந்து நின்றாராம். மூன்றாவது தடவை ஐம்பது அடி நடந்தேவிட்டார். காற்று நின்றது. எல்லாச் சத்தமும் அடங்கியது. அந்த அமைதியேதான். ஒரு மூச்சு நேரம் அதிலேயே நின்றார். பிறகுதான் உறைத்தது: பின்னால் வெர்னாவின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தமும் நின்றிருந்தது.

ஓடி வந்து கன்னத்தில் தட்டினார், திட்டினார், காதைத் திருகினார். வெர்னா கண் திறந்தாள். அதற்குப் பிறகு ஒடீல் எழுந்திருக்கவில்லை. பேருந்தில் ஏறிய பிள்ளைகளின் பெயர்களை வருடவாரியாகச் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்ல வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் மீட்புக் குழுவினர் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்தார்கள். கணவாய்ப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் அவர்களோடு இறங்கினார்.

வெர்னா இப்போது கோலூன்றி நடக்கிறாள், மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். ஜாக்கெட்டை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்ததில் ஒடீலுக்கு இரண்டு கால்விரல் மரத்துப்போனது, உணர்ச்சி திரும்பவில்லை. மெர்லுக்கு நுரையீரலில் கோளாறு, மலை கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வருகிறேன் என்றேன். ஒடீல் என் தொப்பையைப் பார்த்தார்.

"உன்னத் தூக்கிட்டு இறங்க எனக்குத் தெம்பில்ல."

தனியாகப் போகமாட்டார். தனியாகப் போனவளைப் பார்த்துவிட்டவர் அவர். இந்த இலையுதிர் காலத்தில் என் கடைப் பலகையில் கையால் எழுதிய ஒரு தாளை ஒட்டினார்: "பிப்ரவரியில் கணவாய் வரை துணை வேண்டும். மெதுவாக நடப்பேன். ஒருவர் திரும்பலாம் என்றால் இருவரும் திரும்ப வேண்டும்." அடியில் தன் தொலைபேசி எண்ணைப் பன்னிரண்டு முறை எழுதி, வேண்டியவர் கிழித்துக்கொள்ளத் துண்டு துண்டாக வெட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

சனிக்கிழமைதோறும் வந்து துண்டுகளை எண்ணுகிறார். போன வாரம் இரண்டு குறைந்திருந்தன.

"யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. பனி விழட்டும்" என்றார்.