கம்ப்ரஸரைக் கட்டிய கயிறு

முடிச்சூரில் வெள்ளம் வடிந்தபோது என்னுடையது என்று மிஞ்சியது ஒரு ஸ்கிப்பிங் கயிறுதான். பரணில் கிடந்ததால் தப்பித்தது. அப்பாவுக்கு மிஞ்சியது கார், அதுவும் எஞ்சினுக்குள் சேற்றுத் தண்ணீரோடு. சிறுசேரி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி. திங்கட்கிழமை ஏசியோடு வந்து நிற்காவிட்டால் டிரிப் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

படப்பையில் மெக்கானிக்காக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, எஞ்சினை இறக்க வந்தார்.

"ஏசி பைப்பைத் தொடவே கூடாது மாமா. கேஸ் போச்சுன்னா பேஜாரு. ஊரே வண்டியத் தள்ளிக்கினு நிக்குது, எவன் ரொப்பித் தருவான்?" என்றார் அப்பாவிடம்.

பைப்போடு சேர்த்தே ஏசி கம்ப்ரஸரைக் கழற்றி, ஓரமாகத் தூக்கிக் கட்டிவிட்டு, எஞ்சினை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். கட்டுவதற்கு வீட்டில் ஒரு முழக் கயிறு கிடையாது. மாமாவின் கண் என் கையில் விழுந்தது.

"குடு கண்ணு, நாளைக்குத் தந்துடறேன்."

தரமாட்டேன் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்!

சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போய் முடிச்சை அவிழ்த்தேன். என் கயிறு, நான் எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் எண்ணம். கம்ப்ரஸர் சரிந்தது. படக்கென்று பைப் முறிந்து, புஸ்ஸென்று வெள்ளைப் புகை. கயிற்றைக் கவுனுக்குள் திணித்துக்கொண்டேன். மரக்கைப்பிடி வயிற்றில் குத்தியது.

அப்பா சோற்றுக் கையோடு ஓடிவந்தார். "ஒரு கயிறு ஒழுங்கா கட்டத் தெரியல, நீயெல்லாம் மெக்கானிக்கா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா!"

மாமா காருக்குள் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கயிறு அறுந்துடுச்சு மாமா. என் தப்புதான். அறுந்தத தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அப்பாவிடம்.

எஞ்சினை மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். திங்கட்கிழமைக்குள் ஏசி சரியாகவில்லை. டிரிப் போயிற்று, பிறகு காரும் போயிற்று. அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்றார் அப்பா. அம்மா அழுது பார்த்தாள், நடக்கவில்லை. நான் பெரியவளானபோது மாமன் சீர் வைக்க ஆளில்லாமல் மணையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு, மாமா அறுந்துவிட்டது என்று சொன்னபோது, எனக்குச் சிரிப்புதான் வந்தது. கயிறு முழுசாக என் கவுனுக்குள் இருக்கிறது, இதுகூடத் தெரியாத மக்கு மாமா என்று நினைத்துக்கொண்டேன்.