மஞ்சள் கருவும் மாமாவின் விக்கலும்

அவித்த முட்டையின் மஞ்சள் கரு விரலில் ஒட்டிக் காய்ந்தால் ஒரு வாசம் வரும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் சுலபத்தில் போகாது. நான் பதினொன்றாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான். காரணம், அம்மாவின் தம்பி குமார் மாமா. ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த அவர் வெள்ளைக் கருவை மட்டும் தின்பார். மஞ்சளைத் தின்றால் கொழுப்பு சேர்ந்து, பாடுபட்டுச் செதுக்கிய வயிறு மறைந்துவிடும் என்று ஜிம் மாஸ்டர் பயமுறுத்தி வைத்திருந்தார். ஆகவே மிச்சப்பட்ட மஞ்சள் எல்லாம் அம்மா, அப்பா, நான், பக்கத்து வீட்டுப் பூனை என்று நால்வர் பங்குக்கு வந்து சேர்ந்தது. மஞ்சள் கருப் பொரியல், மஞ்சள் கருக் குழம்பு, சப்பாத்திக்குள் சுருட்டிய மஞ்சள் கரு. முகம் சுளித்தால், "மஞ்சக்கரு வோணாம்னா இந்த வூட்ல சோறே கெடையாது" என்பாள் அம்மா.

திருவொற்றியூரில் காலடிப்பேட்டைப் பக்கம் எங்கள் வீடு. மாமா எங்களோடுதான் இருந்தார். பகலில் கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலியாகச் சுமை ஏற்றுவார்; சாயங்காலம் ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜிம்மில் மறுபடியும் சுமை தூக்குவார். அங்கே இருந்ததெல்லாம் பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் செருகிச் செய்த எடைகள்தான். "பகல்ல தூக்குனா கூலி, சாயங்காலம் தூக்குனா வெறும் வேர்வ" என்று அப்பா கிண்டல் செய்வார். ஆனால் மாமாவுக்கு அது விளையாட்டு இல்லை. பட்டம் வென்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம். ஒப்பந்தக் கூலியாக இருக்கும்வரை எந்த வீட்டுக்கும் போய்ப் பெண் கேட்க முடியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எந்த வீடு என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அதே சமயம் பள்ளியில் எனக்குத் தசைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மூன்று வகைத் தசை. எலும்புத் தசை நீண்ட இழைகளால் ஆனது. துறைமுகத்து வடக்கயிற்றைப் போல, புரிக்குள் புரியாகக் கட்டுக்கட்டாக இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கே வரிவரியாகத் தெரியும். எலும்பில் ஒட்டிக்கொண்டு நாம் சொன்னபடி கேட்கும். மென் தசைக்கு வரி கிடையாது. நடுவில் தடித்து இரு முனையும் கூம்பிய சின்னச் சின்ன செல்கள், குடலிலும் ரத்தக்குழாயிலும் ரோமக்கால்களின் அடியிலும் இருந்துகொண்டு, நம்மைக் கேட்காமலே தம் வேலையைப் பார்க்கும். மூன்றாவது இதயத் தசை. அதற்கு வரியும் உண்டு, யார் சொல்லும் கேட்காத குணமும் உண்டு. அதன் செல்கள் கிளைவிட்டு, காசிமேட்டு மீன்வலையின் கண்ணிகள் போல ஒன்றோடொன்று கைகோத்திருப்பதால், ஓரிடத்தில் கிளம்பிய துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் துடிக்க வைக்கும்.

படம் வரைய வராத எனக்கு மாமாவே படமானார். பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொண்டு போனால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். புஜத்தில் "இருதலைத் தசை", அதன் பின்பக்கம் "முத்தலைத் தசை", கெண்டைக்காலில் கெண்டைக்கால் தசை என்று எழுதி எழுதி மனப்பாடம் செய்வேன். மடக்கும்போது முன்னது சுருங்கப் பின்னது தளரும், நீட்டும்போது பின்னது சுருங்க முன்னது தளரும் என்பதை அவர் கையை ஆட்டி ஆட்டித்தான் புரிந்துகொண்டேன். மை லேசில் அழியாது. எழுத்தோடேயே யார்டுக்குப் போய்க் கூட்டாளிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்.

அதே எழுத்தோடேயே முட்டைக்கடைக்கும் போவார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருமுனையில் முட்டை மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த அண்ணாச்சியின் கடை அது. மாலையில் அவர் மகள் ஜெபா கடையில் இருப்பாள். மாமாவின் கையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய ஆளு, பரிட்சைக்கு பிட்டு எழுதிட்டுப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் மாமா முட்டை வாங்கும் வேலையை எவரிடமும் விட்டதில்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

போட்டி மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில். மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். மாமா உடம்பு முழுக்க முடி மழித்து, எண்ணெய் பூசி, துண்டைக் கட்டிக்கொண்டு பளபளவென்று நின்றார். முதல் நாளிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. உடம்பில் நீர் வற்றினால்தான் தோல் ஒட்டி, தசையின் ஒவ்வொரு கோடும் எழும்பித் தெரியும் என்பது மாஸ்டரின் கணக்கு. மேடை ஏறும் முன் தெம்புக்குக் கொடுத்த கடலை மிட்டாயை அவசரமாக வறண்ட வாயில் போட்டுக் கடித்து விழுங்கியதுதான் தாமதம், மாமாவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

ஒவ்வொரு விக்கலுக்கும் செதுக்கிய வயிறு மொத்தமும் குலுங்கியது. தண்ணீர் கொடுக்கலாம் என்று நான் சொல்ல, மாஸ்டர் என்னை அடிக்காத குறை. விக்கலைக் கிளப்பும் உதரவிதானம் எலும்புத் தசை வகையைச் சேர்ந்தது, மூச்சைப் பிடித்தால் கட்டுப்படும் என்று பாடம் ஒப்பித்தேன். மாமா மூச்சைப் பிடித்தார். மூச்சு நின்றது, விக்கல் நிற்கவில்லை. சொன்னபடி கேட்கும் என்று புத்தகம் சான்றிதழ் கொடுத்த வகையிலேயே இப்படி ஒரு அடங்காத பிள்ளை.

எங்கள் பக்கம் விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம். நினைப்பவர் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் நின்றுவிடும். அம்மா ஆரம்பித்தாள். ஊரிலிருக்கும் பெரியம்மா, எண்ணூர் சித்தப்பா, யார்டு கூட்டாளிகள், சின்ன வயதில் சண்டை போட்டுப் போன சேக்காளி என்று சொந்தபந்தம் மொத்தத்தையும் கூப்பிட்டுப் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. பெயர் பலிக்காவிட்டால் அடுத்த வைத்தியம், இல்லாததைச் சொல்லித் திடுக்கிட வைப்பது. உன்னைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று மாஸ்டர் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு சொன்னார். மாமா விக்கிக்கொண்டே சிரித்தார். காலையில் முட்டை அவித்த ஞாபகமோ என்னவோ, அம்மாவின் வாயில் அடுத்த பொய் தானாக வந்தது.

"டேய் கொமாரு, நம்ம முட்டக்கட ஜெபாவுக்கு நேத்து நிச்சயம் ஆயிடுச்சாம்டா."

விக்கல் நின்றுவிட்டது. கூடவே மாமாவும் நின்றுவிட்டார். மழித்த தோல் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்து எழுந்தது. கழுத்தோரம் நாடி அடிப்பது எனக்குத் தெரிந்தது. புத்தகத்தைத் திறக்காமலே மூன்று தசையும் ஒரே ஆளிடம் பார்த்துவிட்டேன். எல்லாம் புரிந்துபோன அம்மா "டேய், அது சும்மா" என்று வாயெடுப்பதற்குள் ஒலிபெருக்கியில் மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் அவரைத் தள்ளிக்கொண்டு போய் மேடையில் விட்டுவிட்டார்.

புஜத்தை முறுக்கிக் காட்டினார், முதுகை விரித்துக் காட்டினார், தொடையை இறுக்கினார். அத்தனை நாள் பழக்கிய எலும்புத் தசை எல்லாம் சொன்னபடி கேட்டது. ஆனால் ஆணழகன் போட்டியில் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். முகத்திலிருப்பதும் அதே வகைத் தசைதான். அது மட்டும் அன்றைக்குக் கேட்கவில்லை. கோப்பையைத் தூக்கிக் கொடுத்தது சிரித்த ஆளுக்கு. இறங்கி வந்த மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, விக்கலுக்காகச் சொன்ன பொய் என்று அம்மா தேம்பினாள். பட்டம் போன கவலை ஒரு நிமிஷம் கூட மாமாவின் முகத்தில் தெரியவில்லை. "அப்ப நிச்சயம் ஆவலியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுநாள் வழக்கம்போல முட்டைக்கடைக்குப் போனார். "போட்டிதான் முடிஞ்சிட்டுல்லா, இன்னும் எதுக்கு முட்டை?" என்று அண்ணாச்சி கேட்க, மாமாவின் கண் ஜெபா பக்கம் போனதாம். அண்ணாச்சி ஒரு தரம் மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடையின் பாதிக் கதவைச் சாத்தினார். அன்று ராத்திரியே அம்மா கிளம்பினாள். தன் வாயால் கெட்டதைத் தன் வாயாலேயே சரிசெய்வது என்று முடிவெடுத்தவள், வேறு மதம், நிரந்தர வேலை இல்லாதவன் என்று அண்ணாச்சி எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் சளைக்காமல் போய் நின்றாள். மாமாவுக்குப் பட்டம் கிடைக்கவே இல்லை. யார்டிலேயே கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டார்; அதில் வேலை நிரந்தரமானது. அதற்கப்புறம்தான் அண்ணாச்சி இறங்கி வந்தார். கல்யாணத்தன்று ஜெபா அத்தை அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "அன்னைக்கு ஊர்ல உள்ளவங்க பேரெல்லாம் சொன்னீங்களே, என் பேரைச் சொல்லியிருந்தா கோப்பையும் கெடச்சிருக்கும்."

நான் இப்போது இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். தசைதான் என் சோறு. அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஜிம் இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. ஜிம் வந்துவிட்டது. சிமென்ட் டப்பா எடைகள் எந்தக் காயலான் கடைக்குப் போயினவோ தெரியாது. முட்டைக்கடை செல்போன் கடையாகிவிட்டது. மாமாவின் வயிற்றுக் கோடுகள் போன இடமும் தெரியவில்லை. மஞ்சள் கருவோடு சேர்த்தே இப்போது சாப்பிடுகிறார்.

போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமாவுக்கு விக்கல் எடுத்தது. நான் தண்ணீரை நகர்த்தினேன். வேண்டாம் என்று கையாட்டினார். கோயம்புத்தூரில் படிக்கும் மகளின் பெயரைச் சொன்னார், நிற்கவில்லை. அம்மா பெயரைச் சொன்னார், அதற்கும் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமல், "ஜெபான்னு சொல்லிப் பாருங்க" என்றார். மாமா சொன்னார். விக்கல் நின்றது.

"பக்கத்துலயே குந்திகினு இன்னா நெனப்பு?" என்றார் மாமா.

அத்தை முள் எடுத்த மீனை அவர் தட்டில் வைத்தார்.