தளத்துக்கு ஊற்றிய தண்ணீர்

1991 மார்கழியில், ஸ்ரீபெரும்புதூரில் இருந்த என் பழைய வீட்டின் பின்னறையில் ஓடுகளைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டேன். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். ஈரம் காய்ந்தால் புதுத் தளம் வெடித்துவிடும் என்பதால், தினமும் காலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

ஒரு நாள் குளிர்காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. வெயில் ஏற ஏறத் தளத்தை நினைத்துக் கவலைப்பட்டேன். கூப்பிட யாரும் இல்லை. மத்தியானம் கதவு தட்டப்பட்டது. தடுமாறிப் போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டு ஏழுமலை நின்றார். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

"இன்னா சார், உயிரோட கீறீங்களா? நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுத்தா, நீங்க தண்ணி ஊத்துற சத்தத்துல தூக்கமே வராது. இன்னிக்கு நல்லா தூங்கிட்டேன். அதான் பயமா பூட்சு!"

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நெருப்பா சுடுது. நீங்க படுங்க, நான் ஊத்துறேன்" என்று குடத்தோடு ஏணியில் ஏறினார்.

என் சத்தம் நின்றுபோனதை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

மறுநாள் எனக்குக் காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டது. ஏழுமலை வாசலில் நின்று, "இப்ப எப்பிடி கீது சார்?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.