ரெண்டு நாள் அக்கா

தேனாம்பேட்டையில் உள்ள அந்த மின்சாரக் கார் சர்வீஸ் சென்டரில், வரவேற்பு மேசையில் இருக்கும் தீபிகாவுக்கு இன்னொரு பெயர் உண்டு. வண்டி கழுவுகிறவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் 'ரெண்டு நாள் அக்கா' என்பார்கள்.

வண்டி எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும், "ரெண்டு நாள்ல ரெடி சார்" என்று சொல்ல வேண்டும். மேலாளர் ஸ்ரீகிருஷ்ணாவின் உத்தரவு அது. உண்மையைச் சொன்னால் இன்றே கத்துவார்கள். இப்படிச் சொன்னால் ரெண்டு நாள் கழித்துக் கத்துவார்கள். எந்த நாளில் கத்தினாலும் வாங்கிக்கொள்கிறவள் தீபிகாதான். ஆறு வருடங்களில் அவள் சிரிப்பும் சீருடையைப் போலவே வெளுத்துவிட்டது.

அப்துல் கரீம் கத்தாத மனிதர். மயிலாப்பூரில் சாமி படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவர். மூன்று வாரங்களுக்கு முன் அடையாறு பாலத்தின் மேல் அவருடைய கார் அப்படியே நின்றுவிட்டது. அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாதாம். லாரியில் ஏற்றி, அடிபட்டவனைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார்கள். மோட்டாருக்கான கன்ட்ரோலர் போய்விட்டது. புதியது வெளியூரிலிருந்து வர வேண்டும்.

ரெண்டு நாளுக்கு ஒருமுறை வந்து, அதே பதிலைக் கேட்டு, தலையாட்டிவிட்டுப் போவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மனைவி ஜஹீதாவும் வாடகைக் காரில் கூட வந்திருந்தார். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். காலை நீட்டியபடியே நாற்காலியில் சாய்ந்தார்.

"இன்னாமா, இன்னைக்கும் ரெண்டு நாளா?" என்றார் கரீம். அவர் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "அடையாறுல இவளுக்கு கால் மடக்குற பயிற்சி. ரெண்டு நாள்தானே, நம்ம வண்டி வந்துடும்னு தள்ளித் தள்ளி எட்டு தடவை போவல. இந்த மாசம் மடங்கலேன்னா கால் இப்படியே நின்னுடும்னு டாக்டர் சொல்றாரு."

எட்டு தடவை! தான் சொன்ன ஒவ்வொரு ரெண்டு நாளும் அந்த முழங்காலில் போய் உட்கார்ந்திருப்பதை தீபிகா அன்றுதான் கண்டாள்.

"பாய்... ரெண்டு நாள் இல்லை. இன்னும் நாப்பது நாள் ஆகும். முதல்லயே தெரியும். மன்னிச்சிடுங்க."

கரீம் மனைவியிடம் திரும்பினார். "பொட்டியக் கட்டு. பயிற்சி முடியற வரைக்கும் உன் தங்கச்சி வூட்லயே இரு. அங்கேர்ந்து அடையாறு பக்கம்தானே."

"நாப்பது நாளும் அவ சமையலையா சாப்பிடணும்? அதுக்கு இந்தக் காலே பரவால்ல!"

"வாய் நல்லா மடங்குது. கால் மடங்கட்டும், வா."

அவர்கள் போனதும் ஸ்ரீகிருஷ்ணா கத்தினார். "உன்ன யாரு தேதி சொல்லச் சொன்னது? நாளைலேர்ந்து பின்னாடி ரூம்ல போன் எடு, போதும்."

அவள் மேசையிலிருந்த தன் பேனாவை எடுத்துக்கொண்டாள். எதிர்க்கவும் தெம்பு வேண்டுமே!

அந்தச் செவ்வாயிலிருந்து நாற்பத்து மூன்றாம் நாள் கார் தயாரானது. பின்னறைக் கண்ணாடி வழியே தீபிகா பார்த்தாள். கரீம் கை நீட்டினார். ஜஹீதா அந்தக் கையைத் தட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தானே முழங்காலை மடக்கி உள்ளே உட்கார்ந்தார்.

தீபிகா கண்ணைத் துடைப்பதற்குள் போன் மணி அடித்தது. எடுத்தாள்.