பூந்தமல்லியில் ஒரு வேலை நாள்

டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தபோது நான் ஒரு கியர் பெட்டியின் வரைபடத்தை டிரேசிங் தாளில் மையால் இழுத்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி சின்னது. கரண்ட் போனால் லேத் நிற்கும், லேத் நின்றால் எல்லாமே நிற்கும். காலை டீ வருவதற்குள் மேனேஜர் வந்து, இன்றைக்கு சரியாகாது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

எண்பதுகளின் கடைசி அது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை எனக்கு. ஆவடியில் குவார்ட்டர்ஸ் வீடு. அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. சாயங்காலம் வரை என்னை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கையில் சாப்பாட்டுக் கூடை இருந்தது. வானம் மேகம் போட்டு வெயிலில்லாமல் இருந்தது. பக்கத்து மேசை டைப்பிஸ்ட் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான்.

அவள் பூந்தமல்லிக்காரி. சர்ச்சுக்குப் பின்னால் வீடு. மதியச் சாப்பாட்டின்போதெல்லாம் அவளுடைய ஊர்ப் பெருமைதான் பேசுவாள். மரத்தூண் வைத்த மாடி வீடுகள், வாசல் நிலைக்கு மேலே கலர் கண்ணாடி, மசூதிச் சுவர், மல்லிகை மண்டி. எனக்கோ குவார்ட்டர்ஸ் தவிர வேறு வீடு தெரியாது. எங்கள் காலனியில் வாசல், ஜன்னல், சமையலறை மேடை எல்லாம் ஒரே அச்சு. அவள் சொல்லச் சொல்ல, மிச்சமான டிரேசிங் துண்டில் தெருத்தெருவாக ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தேன். பார்க்க வேண்டிய கட்டடத்துக்கு ஒரு சதுரம், சாப்பிட வேண்டிய இடத்துக்கு ஒரு வட்டம். ஒருநாள் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடியிருந்தன.

பஸ் பூந்தமல்லியில் இறக்கிவிட்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியூருக்கு வந்த மாதிரி இருந்தது. டிரங்க் ரோட்டில் பெங்களூர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அதிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே போனதும் சத்தம் அடங்கிவிட்டது. தெரு குறுகி, இரண்டு பக்கமும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு முட்டை ஓடு போல வழவழவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. இன்னொரு வீட்டில் மாடியைத் தாங்கிய மரக்கட்டைகளின் முனையில் கிளி செதுக்கியிருந்தார்கள். ஒரு கிளிக்கு மட்டும் யாரோ பச்சை அடித்து, பாதியில் விட்டிருந்தார்கள்.

மசூதியை நாங்கள் தெருவிலிருந்தே பார்த்தோம். அதன் கல் தூண்கள் கோயில் மண்டபத்துத் தூண்கள் போலவே இருந்தன. இரண்டையும் ஒரே ஆட்கள்தான் செதுக்கியிருப்பார்களோ என்று கேட்டேன். இத்தனை வருடமாக இந்த வழியாகப் போகிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை என்றாள் அவள். அதற்கப்புறம் என்னைவிட அவள்தான் அதிகமாக அண்ணாந்து பார்த்து நடந்தாள்.

என் வரைபடத்தின் முதல் வட்டம் மண்டிக்கு எதிரே இருந்த டீக்கடை. பெஞ்சில் ஆண்கள் பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். டீ மாஸ்டர் ஆற்றும் டீயின் வாசனை எதிர்ச்சாரி வரை வந்தது. பெண் ஒருத்திகூட இல்லை. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன், அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம்டி. எங்க அண்ணன் இங்கதான் வந்து குந்திகினு இருப்பான். பாத்தான்னா ஊட்ல ரகளைதான்.”

டிரங்க் ரோட்டு ஓட்டலில் ஃபேமிலி ரூம் இருக்கிறது, அங்கே போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றாள். திரும்பி நடந்தோம். அந்த அறைக்கு இடுப்பளவு உயரத்தில் ஆடும் கதவு. அதைத் தள்ளிக்கொண்டு முதலில் நான்தான் நுழைந்தேன்.

உள்ளே என் அம்மா உட்கார்ந்து சாம்பார் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தனியாக. ஃபேனுக்குக் கீழே, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு. என் அம்மா ஓட்டலில் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கல்யாணம், காட்சி என்றால்கூட அப்பாவுக்குப் பின்னால் நடந்து வருகிறவள். வேலை நேரத்தில் ஊர் சுற்றி மாட்டிக்கொண்டோம். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள். அவள் முகத்திலும் மாட்டிக்கொண்ட அதே கலக்கம் ஒரு நொடி வந்து போனது.

“இன்னாடி, கம்பெனி லீவா?” என்றாள். பிறகு, “நிக்காதீங்க, உக்காருங்க. வடை நல்லா இருக்கும் இங்க.”

அந்த நேரம் பார்த்து சர்வர் எட்டிப்பார்த்து, அம்மாவுக்கு வழக்கம்போலக் காபி கடைசியில்தானே என்று கேட்டுவிட்டுப் போனார். வழக்கம்போல! நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நல்ல வரன் அமைய வேண்டுமென்று அம்மா மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஆவடியிலிருந்து வந்து பூந்தமல்லியில் பஸ் மாற வேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆறு வாரம் ஆடியிலேயே முடிந்துவிட்டது. இப்போது தீபாவளியும் போய்விட்டது. அம்மா வாராவாரம் கிளம்புவதை நாங்கள் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

“ஒரு வாரம் பஸ்சு வரல,” என்றாள் அம்மா. “சும்மா நிக்கிறதுக்கு இந்தத் தெருவுக்குள்ள போய்த்தான் பாப்போமேன்னு போனேன். ஒவ்வொரு ஊடும் ஒவ்வொரு மாதிரி கீது. அப்புறம் வராம இருக்க முடியல.”

அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். மாங்காடு என்றுதான் சொன்னாளாம். அம்மனைப் பார்க்காமல் ஒரு வாரமும் திரும்பியதில்லை, அதில் பொய் ஒன்றுமில்லை என்றாள். என் தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தாங்கவில்லை. கடைசியில் அம்மாவும் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை. சர்வர் மறுபடி எட்டிப்பார்த்தார்.

காபி குடித்ததும் அம்மா எழுந்து, வாங்க, ஒரு இடம் காட்டுகிறேன் என்றாள். அவள் முன்னால் நடந்த வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. என் வரைபடத்தில் இல்லாத சந்தெல்லாம் புகுந்து போனாள். ஒரு உயரமான வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினாள். என் தோழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மல்லிகைப் பூ மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தின் வீடு அது. சின்ன வயதிலிருந்து அந்த வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், உள்ளே கால் வைத்ததில்லை.

கதவைத் திறந்த பெண்ணுக்கு அம்மாவின் வயது இருக்கும். “வாங்கக்கா, இன்னிக்கு ஆளோட வந்துக்கிறீங்க” என்று சிரித்தார். ஒரு மழை நாளில் அம்மா எதிர்ச்சாரியில் நனைந்துகொண்டே இந்த வீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாளாம். யாரையாவது தேடுகிறாளோ என்று இவர் கூப்பிட்டுக் கேட்க, உங்கள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து பழக்கம்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். மேகம் விலகியிருந்தது போல. நிலைக்கு மேலே இருந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கி, தரையில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. நடு முற்றத்தில் கூடை கூடையாக மொட்டு. வீடு முழுக்க அந்த ஈர வாசனை. அம்மா நேராக மாடிப்படிக்குப் போனாள். ஏணி போலச் செங்குத்தான மரப்படி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா விறுவிறுவென்று ஏறினாள். நாங்கள் பயந்து பயந்து பின்னால் போனோம்.

மொட்டை மாடியிலிருந்து ஊர் மொத்தமும் தெரிந்தது. இந்தப் பக்கம் மசூதி, அந்தப் பக்கம் பெருமாள் கோயில் கோபுரம், கொஞ்சம் தள்ளி சர்ச்சின் சிலுவை. நடுவில் ஓட்டுக் கூரைகளும் மொட்டை மாடிகளும் மாறி மாறி, படி வைத்த மாதிரி. நசரத்பேட்டைப் பக்கம் பச்சை வயல். என் தோழி கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, எங்க அம்மா துணி காய வெச்சிகினு கீறாங்க!”

அவள் குனிந்தபடியே படிக்கட்டு வரை தவழ்ந்து போனதைப் பார்த்து பின்னாலேயே ஏறி வந்த அந்த வீட்டு அம்மாள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அம்மா மட்டும் அசையவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். காற்றில் தலைமுடி கலைந்திருந்தது.

“நம்ப மாடியில நின்னா எதிர் பிளாக்தாண்டி தெரியும்” என்றாள்.

அவள் எவ்வளவு சின்னவள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. என்னைப் பெற்றபோது அவளுக்குப் பதினெட்டு. கல்யாணத்தன்று அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், அப்பா காட்டிய இடங்களைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. எதையாவது பார்க்க ஆசைப்படுகிறாளா என்று நானும் கேட்டதில்லை.

அன்று ஆவடி பஸ்சில் அம்மாவும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தோம். அடுத்து எங்கே என்பதுதான் பேச்சு. இறங்கும்போது அம்மா, அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ ஒன்றும் பேசாதே என்றாள். சாப்பாடு போடும்போது சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு, தனியாகவா போனாய் என்று கேட்டார். இனிமேல் தனியாக இல்லை, இவளும் வருகிறாள் என்றாள் அம்மா. அப்பா மோர் கேட்டார். அவ்வளவுதான்.

என் கல்யாணம் நடக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதுவரை மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பினோம். பல நேரம் தோழியும் சேர்ந்துகொண்டாள். ஒரு தடவை திருநின்றவூர் போகிற மின்சார ரயிலில் ஏறிவிட்டு, நெமிலிச்சேரியில் வண்டி நின்றதும், இங்கே என்ன இருக்கிறதென்று பார்ப்போமே என்று அம்மா சட்டென்று இறங்கிவிட்டாள். பார்க்கக் கட்டடமே இல்லை. பனைமரங்களும், தண்ணீர் நிறைந்த ஒரு ஏரியும், கரையில் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகளும்தான். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரிப்பதற்குள் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோடு நடக்க ஆரம்பித்திருந்தாள்.